கூடப் போனவன்

கேஎல் அக்கா:
‘வென் தே சீ அஸ்’ தொடர் 2019-இல் வந்தது. போன வாரம்தான் நான்கு பாகத்தையும் பார்த்தேன். 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கு. 14 முதல் 16 வயதுக்குள் ஐந்து பையன்கள், ஒருவன்கூட வெள்ளையன் இல்லை. மரபணு அவர்களில் யாரோடும் பொருந்தவில்லை. மணிக்கணக்காக விசாரித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தண்டித்தார்கள். அதில் கோரி வைஸ் பெயர் போலீஸ் பட்டியலிலேயே இல்லை. கூட்டாளிக்குத் துணையாக நிலையத்துக்குப் போனவன். 2002-இல்தான் வெளியே வந்தான்.

அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு அழுதேன். என் தம்பியும் கூடப் போனவன்தான். 2001, அவனுக்கு 17 வயது. எங்கள் கோலாலம்பூர் ஃபிளாட்டுக்குக் கீழே கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். மற்ற இனப் பையன்களும் அங்கே இருந்தார்கள். போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது இவர்கள் இருவரை மட்டும். முதல் கேள்வியே “நீ எந்த கேங்?”

அம்மா அவனுடைய ஐசியையும் (அடையாள அட்டை) பள்ளி நன்னடத்தைச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் போட்டு நிலையத்துக்கு எடுத்துப் போனார். இரவு முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, யார் கடந்து போனாலும் எழுந்து நின்று அந்தச் சான்றிதழை நீட்டினார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. விடிந்ததும் விட்டார்கள். அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தம்பி இன்றுவரை மோட்டார் லைசென்ஸ் எடுக்கவில்லை.

பினாங்கு தம்பி:
எனக்கு வாடகை வீட்டில் நடந்தது, அக்கா. பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்ததும் ரூம் தேடினேன். ஏஜெண்ட் போனில் நன்றாகத்தான் பேசினார். பெயரைச் சொன்னேன். “ஓனர் இந்தியர்களுக்குக் கொடுக்கமாட்டார்” என்றார், ஏதோ தண்ணீர் பில் விவரம் சொல்வது மாதிரி. அப்படி மூன்று வீடு.

சட்டக் கிராணி:
அக்கா, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007-இல்தான் நடப்புக்கு வந்தது. இப்போது கைதானவரை விசாரிக்கும் முன்பே குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் கைதான மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். பயத்தில் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கேஎல் அக்கா:
நன்றி தங்கச்சி. தம்பி மகனுக்கு இப்போது 14 வயது. இன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அறவாரியத்தின் எண்ணை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை.