குற்றத் தொடரின் கடைசிப் பகுதியில் குற்றவாளியே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

கேள்வி: ஐயாற்றுக்காரன் (திருவையாறு)

இணையத் திரைக்காகத் தமிழில் எடுக்கப்படும் குற்றத் தொடர்களை ஆர்வத்தோடு பார்த்துவருபவன் நான். 2022ஆம் ஆண்டில் மட்டும் ‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’ என மூன்று தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. திருச்சிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் அன்றாடத்தை, அங்கே எடுபிடி வேலை பார்ப்பவர்கள் வரை, ‘விலங்கு’ காட்டிய விதமும், மயானக்கொள்ளைத் திருவிழாவின் நாள்களோடு விசாரணையைச் சேர்த்துப் பின்னிய ‘சுழல்’ தொடரின் அமைப்பும் எனக்குப் பிடித்திருந்தன. தொடக்கப் பகுதிகளில் நம் இயக்குநர்கள் காட்டும் சிரத்தையைக் குறை சொல்வதற்கில்லை.

என் மனக்குறை கடைசிப் பகுதியைப் பற்றியது. முடிவை வெளியிட விரும்பாததால் எந்தத் தொடர் என்று பெயர் சொல்லாமல் பொதுவாகவே எழுதுகிறேன். ஆறேழு பகுதிகள் வரை கைப்பேசிக் கோபுரம், கண்காணிப்புக் கேமரா, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று அலைந்த அதிகாரி, எட்டாம் பகுதியில் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே அமர்ந்ததும், குற்றவாளி தன் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் தானே ஒப்பித்துவிடுகிறான். நாம் இதுவரை பார்த்திராத காட்சிகள் அவன் குரலின் மேல் ஓடுகின்றன. அதுவரை நாம் கவனித்து வைத்திருந்த தடயங்களில் பாதிக்கு மேல் அந்த முடிவுக்குத் தேவைப்படுவதே இல்லை.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’வில் கொலையாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். 1971இல் ஒளிபரப்பான அதன் தொடர்வரிசையின் முதல் பகுதியை இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இருவர் சேர்ந்து துப்பறியும் நாவல்கள் எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத பங்காளி, எழுதத் தெரிந்தவரைக் கொன்றுவிடுகிறான். இது தெரிந்த பிறகும், துப்பறியும் அதிகாரி கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு வாசல்வரை போய், மீண்டும் திரும்பிவந்து இன்னொரு கேள்வி கேட்கும்போது நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். எப்படிப் பிடிபடப்போகிறான் என்பது ஒன்றே அங்கே கதை. வாக்குமூலத்தில் முடிகிற நம் தொடர்கள் உங்களுக்கு நிறைவைத் தருகின்றனவா, அல்லது எனக்குத்தான் இது உறுத்துகிறதா?

பதில்: அரசலாறு (கும்பகோணம்)

குற்றவியல் வழக்குகளில் வாதாடிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாங்கள் விவரிக்கும் அந்த எட்டாம் பகுதி முடிந்த இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்கும், பெரும்பாலும் அந்தக் குற்றவாளி விடுதலையும் ஆகிவிடுவான். காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நீதித்துறை நடுவர் முன்பு தந்தால் செல்லும். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை என்றும், ஒப்புக்கொண்டால் அது உனக்கு எதிராகப் பயன்படலாம் என்றும் நடுவர் அவனிடம் முன்கூட்டியே விளக்கியாக வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வாசகம் மட்டும் சாட்சியமாகும். “அரிவாளை வாய்க்கால் மதகுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்” என்பது ஏற்கப்படும். “அந்த அரிவாளால்தான் வெட்டினேன்” என்ற அடுத்த வரி ஏற்கப்படாது. நாடகத்துக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது? கைவிலங்கோடு நிற்பவன், கூடவே கிராம நிர்வாக அலுவலர், அவருடைய தலையாரி, மகஜர் (கைப்பற்றியதற்கான சாட்சிப் பத்திரம்) எழுதும் காவலர், இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி கைப்பற்றுதலைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி. ஓராண்டு கழித்து இதே கிராம நிர்வாக அலுவலர் கூண்டில் ஏறி, “மகஜரில் இருப்பது என் கையெழுத்துதான், ஆனால் அலுவலகத்தில் வைத்துப் போட்டேன்” என்று சொல்லும்போது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் முகம் போகும் போக்கை எந்தத் தொடரிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

சாட்சி பிறழ்வது, சூழ்நிலைச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போவது, இறந்தவரோடு கடைசியாகக் காணப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு டீக்கடைக்காரர் சொல்லும் நேரமும் பேருந்து நடத்துநர் சொல்லும் நேரமும் ஒத்துப்போகாமல் இருப்பது ஆகியவற்றில்தான் வழக்குகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன. வாக்குமூலத்தை வைத்துக் கதையை முடிப்பவர், தம் கையில் சாட்சியம் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

வாக்குமூலத்தைப் பற்றி வழக்கறிஞர் ஐயா சொன்ன பிறகு நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் தடயங்களைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. லஸ்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ரெகுலேட்டரில், அதாவது ஆற்று நீரைத் தடுத்துப் பிரித்துவிடும் மதகில், ஷட்டரை ஏற்றி இறக்குவதும், நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பதும், கரையைச் சுற்றிவருவதும் என் வேலையாக இருந்தன. தொடர்களில் ஆற்றில் பிணம் ஒதுங்கும் காட்சி வந்தால் எங்கள் வீட்டில் என்னைப் பேசவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் தடுக்கப்போவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

காட்சி எப்போதும் ஒரே மாதிரிதான். விடியற்காலையில் குளிக்க வருகிற ஒருவர் படித்துறைக்குப் பக்கத்தில் உடலைப் பார்க்கிறார். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு நேற்று இரவு பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் நடந்திருக்கிறது என்கிறார். உடனே அந்த ஊரிலேயே சந்தேகத்துக்குரியவர்களைத் தேடத் தொடங்குகிறார்கள். நீரில் விழுந்து இறந்தவர் உடல் பொதுவாக முதலில் மூழ்கும். உள்ளே அழுகல் தொடங்கி வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். நம் ஊர் வெயிலில் அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகலாம், மார்கழிக் குளிரில் இன்னும் கூடுதலாக ஆகும். அதற்குள் தண்ணீரின் வேகத்தைப் பொறுத்து அது எங்கெங்கோ போயிருக்கும். மிதந்து வருவது கடைசியில் வெங்காயத்தாமரையில் சிக்கி நிற்கும், அல்லது ரெகுலேட்டரின் ஷட்டரில் வந்து முட்டி நிற்கும். ஆகவே உடல் கிடைத்த ஊரும் சம்பவம் நடந்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

டெல்டாவில் இன்னொரு சங்கதி உண்டு. இங்கே ஆறு தன் விருப்பத்துக்கு ஓடுவதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறார்கள். தண்ணீர் குறைவான ஆண்டில் முறை வைத்து விடுவார்கள். காவிரிக்கு விடும் நாள்களில் வெண்ணாற்றில் நீர் இறங்கிவிடும். எந்தத் தலைப்பு மதகில் எத்தனை மணிக்கு எவ்வளவு கன அடி என்பது எழுத்தில் இருக்கும். ஒருவன் “ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் கால் தவறி ஆற்றில் விழுந்து அடித்துக்கொண்டு போய்விட்டார்” என்று சொல்கிறான் என்று வையுங்கள். அன்று இரவு அந்த ஆற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது என்று ரெகுலேட்டர் பதிவேடு சொன்னால், அவன் என்ன வாக்குமூலம் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? நீரில் மூழ்கித்தான் இறந்தாரா என்று பார்க்க, எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் தேடுவதும் உண்டு. கழுத்தளவு வாய்க்காலைக் காட்டிவிட்டு நீச்சல் தெரிந்த விவசாயி மூழ்கிவிட்டார் என்று கதை சொல்கிறவர்கள், ஒரு நாள் கரையில் வந்து நின்று பார்த்திருந்தால் அவர்களுக்கே கதை கிடைத்திருக்கும்.

பதில்: மகாமகக்குளம் (கும்பகோணம்)

ஐயாற்றுக்காரருடன் நான் உடன்படவில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே ‘கொலம்போ’ பகுதியின் முடிவை மீண்டும் பாருங்கள். கொலைத் திட்டம் எழுதிய ஒரு குறிப்பு இறந்தவரின் காகிதங்களில் அகப்படுகிறது. அதைக் காட்டியதும் கொலையாளி, அந்த யோசனை தன்னுடையது என்றும், தனக்குத் தோன்றிய நல்ல யோசனை அது ஒன்றுதான் என்றும் சொல்கிறான். அதுவும் வாக்குமூலம்தானே! சட்டத்தின் முன் அதற்கு என்ன மதிப்போ தெரியாது, ஆனால் எழுத வராத அந்த மனிதனின் வாழ்நாள் பொருமல் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. வாக்குமூலம் வருவதில் குறை இல்லை. அது அரை மணி நேரம் ஓடுவதும், அதற்கு முன்பே வலை இறுகாமல் இருப்பதும்தான் குறை.

யார் செய்தார் என்பதைவிட ஏன் செய்தார் என்பதே எனக்கு முக்கியம். 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். குற்றம் செய்தவர்களைக் கருப்பு வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கதை நம்மையும் அந்த நம்பிக்கைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறகு மனநோய் மருத்துவத்தின் வழியாக ஒரு விடையைத் தருகிறது. விடை வந்த பிறகும் முன்னே வந்த காட்சிகள் பொய்யாகிவிடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் அந்த விடைக்கு இடம்கொடுத்தே நின்றிருக்கிறது. வாரம் ஒரு பகுதி என்பதால், அடுத்த வாரம் வரை தெருவில் ஆளுக்கு ஒரு கட்சி கட்டினோம். எங்கள் பாட்டி கடைசிவரை கருப்புக் கட்சிதான். விடை வந்த பிறகும் மாறவில்லை.

இன்றைய தொடர்களை ஒரே இரவில் பார்த்து முடிக்கிறோம். யோசிக்க நேரம் தராமல் அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடுவதால், பகுதிக்கு ஒரு பொய்ச் சந்தேக நபரைக் காட்டிக் கைவிடுவது எளிதாகிவிட்டது. ‘வதந்தி’யில் இறந்துபோன பெண்ணைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் கதைகளே பொருள் என்பதால் அங்கே அந்த முறை பொருந்தியது. மற்றவர்கள் அதை வெறும் இட்டுநிரப்பலாகப் பயன்படுத்துகிறார்கள்.

பதில்: கமலாலயம் (திருவாரூர்)

குற்றவாளியின் வாக்குமூலத்தில் அல்லாமல் தடயங்களில் முடிந்த வழக்கு ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1976இல் பத்தூரில் மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. சீரமைப்புக்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்கு நடந்தது, 1988இல் தீர்ப்பு, 1991இல் அந்த நிறுவனத்தின் மேல்முறையீடும் தோற்று, நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

எதை வைத்து நிரூபித்தார்கள் என்பதுதான் இந்த இழைக்கு வேண்டியது. லண்டனில் இருக்கும் சிலை பத்தூரில் கிடைத்ததுதானா என்பதே கேள்வி. பத்தூரில் அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அதை ஒப்பிட்டார்கள்: ஒட்டியிருந்த மண், உலோகம், செம்பின் மேல் கரையான் ஏறிய தடம். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சியம் சொன்னார். வழக்காடியவர்களில் பாழடைந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பு. கரையான் தடத்தை உருப்பெருக்கியில் பார்க்கும் ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்; எந்தக் கொலையாளியின் கண்ணீரும் அதற்கு ஈடாகாது. ஆனால் சிலைக் கடத்தல் என்றதும் நம் தொடர்காரர்களுக்கு நள்ளிரவு, டார்ச் விளக்கு, சாபம், பாம்பு ஆகிய நான்கும்தான் நினைவுக்கு வருகின்றன.

பதில்: ஐயாற்றுக்காரன் (திருவையாறு)

மகாமகக்குளம் அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன்: வலை முதலில் இறுகட்டும், பேச்சு பிறகு வரட்டும். வெண்ணாற்றங்கரை ஐயா, ஒரு ஐயம். முறை மாறும் நாளில் ஷட்டரை இறக்கியதற்கும் கீழே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நீர் வடிவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் செல்லும்? உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதையில் குற்றவாளி தப்பிப்பதற்கு அந்த இடைவெளி போதும் என்று தோன்றுகிறது.

பதில்: வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

ஆற்றின் சரிவு, மேலே நின்ற நீரின் அளவு, இடையில் எத்தனை வாய்க்கால் தலைப்புகள் திறந்திருந்தன என்பதைப் பொறுத்து மாறும். ஒரே எண் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு ரெகுலேட்டரின் பதிவேட்டை மட்டும் பார்க்கக்கூடாது, கீழே இருக்கும் ரெகுலேட்டரின் பதிவேட்டையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் குற்றவாளி முதல் பதிவேட்டில் தப்பித்து இரண்டாவதில் மாட்டுவான். ஏழாம் பகுதிக்கு அது போதும்.

பதில்: மகாமகக்குளம் (கும்பகோணம்)

எட்டாம் பகுதியில் அந்தக் கிராம நிர்வாக அலுவலர் கூண்டில் பிறழட்டும். பத்தூர்க் கதையை யாராவது எடுத்தால் லண்டன் நீதிமன்றக் காட்சிகளை இரண்டு பகுதிகளுக்கு மேல் இழுக்கவேண்டாம் என்று இப்போதே மனுப்போட்டு வைக்கிறேன்.