கூந்தன்குளத்தில் கழுத்துப் பட்டையோடு ஒரு வாத்து: படம் இருந்தால் தாருங்கள்

வணக்கம். ஞாயிறு காலை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில், குளத்துக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த வரித்தலை வாத்துக் கூட்டத்தில் ஒன்றின் கழுத்தில் பச்சைப் பட்டை. வெள்ளை எழுத்து. குனிந்து புல்லைப் பறிக்கும்போது பட்டை சேற்றில் புரண்டதால் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. என் படத்திலும் அந்த இடம் மங்கல்தான்.

ஒவ்வொரு பறவையையும் தனியாக அடையாளம் காண, இந்த மாதிரி எண் போட்ட பட்டைகளை மங்கோலியாவில் மாட்டுகிறார்கள். டெர்கின் சகான் ஏரி போன்ற இடங்களில் இனப்பெருக்கம் முடியும் சமயம், ஜூலை வாக்கில், வளர்ந்த வாத்துகளுக்கு இறக்கையிலுள்ள இறகுகள் உதிர்ந்துவிடும். சில வாரம் பறக்க முடியாது. அப்போது படகில் மெதுவாக வலைப்பக்கம் ஒதுக்கிப் பிடித்து, பட்டை மாட்டி விட்டுவிடுவார்கள். இமயத்தைத் தாண்டி நெல்லைச் சீமை வரை வந்த பறவை அது. ஒரு எண் தவறினால் வேறு பறவையின் கதையாகிவிடும்.

போன வாரம் அங்கே போனவர்கள் உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் தெளிவாக இருந்தால் இங்கேயே போடுங்கள், தேதியோடு. அப்புறம் ஒன்று: படத்துக்காக யாரும் கிட்டே போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிட வேண்டாம். பட்டை மாட்டும் மங்கோலியக் குழுவுக்கு நேராக எழுதிப் பழக்கமுள்ளவர்கள் இருந்தால், எப்படி அனுப்புவது என்றும் சொல்லுங்கள்.