வெளியே ஒழுகலைன்னா மாஸ்டர் நல்லா இருக்குன்னு யார் சொன்னது?

பழைய இரும்பு:
நேத்து ‘மூணாம் கியர்’ தம்பி ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். முப்பது வருஷத்துப் பழைய வண்டி, ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது பெடலை மிதிச்சா பிரேக் ஆயில் அழுத்தத்துல என்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கிற வகை. காலையில முதல் மிதிக்கு பெடல் தரையோட போய் உட்காருது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா கியர் விழுது. ரிசர்வாயர்ல, அதாவது ஆயில் டப்பாவுல, ஆயில் குறையலை. இதுக்கு நம்ம ஸ்பேனர்சாமி சொன்ன அருள்வாக்கு: “வெளியே ஒரு சொட்டு ஒழுகலை. ஒழுகலைன்னா மாஸ்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஏர் எடு, சரியாயிடும்.” (ஏர் எடுக்கிறதுன்னா ஆயிலுக்குள்ள மாட்டின காத்தை வெளியே விடுறது.)

படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பெடலோட இணைஞ்சு ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரெண்டு ரப்பர் இருக்கு. முன்னாடி இருக்கிற கப்புதான் ஆயிலைத் தள்ளுது. பின்னாடி இருக்கிறது ஆயில் பெடல் பக்கம் வராமத் தடுக்குது. முன் கப்போட விளிம்பு தேஞ்சா ஆயில் எங்கே போகும்? கப்பைத் தாண்டிப் பின்னாடி வந்து, திரும்ப ரிசர்வாயருக்கே போயிடும். வெளியே ஒரு சொட்டு வராது, அளவும் குறையாது, ஆனா பெடல் உட்காரும். இது தெரியாம ஊருக்கு உபதேசம்.

ஸ்பேனர்சாமி:
வந்துட்டாருய்யா வாத்தியார். நான் எழுதினது நாலு வரி. அதுக்குத் தனியா ஒரு இழை திறந்து பஞ்சாயத்தைக் கூட்டியிருக்கீங்க. பம்ப் பண்ணினா கியர் விழுதுன்னு தம்பியே சொல்றார். பம்ப் பண்ணினா ஏறுதுன்னா காத்துதான், இது சின்னப் பையனுக்கும் தெரியும். திரும்பவும் சொல்றேன்: வெளியே ஒரு சொட்டு இல்லை.

பழைய இரும்பு:
சின்னப் பையனுக்குத் தெரியும், அதான் பிரச்சினையே. அதுக்கு மேல உங்களுக்குத் தெரியலை.

பம்ப் பண்ணினா காத்து இருந்தாலும் ஏறும், கப் தேஞ்சிருந்தாலும் ஏறும். பெடலைச் சட்டுனு விடும்போது கப்போட விளிம்பு மடங்கி, பின்னாடி இருக்கிற ஆயில் முன்னாடி வந்து நிரம்பும். கீழே போன ஆயில் திரும்புறதுக்குள்ள அடுத்த மிதி விழுந்தா பெடல் ஏறித்தான் ஆகணும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னா வேகத்தை மாத்தி மிதிச்சுப் பாருங்க. டக்குனு மிதிச்சா அழுத்தத்துல கப் விரிஞ்சு சுவரோட ஒட்டிக்கும், கிளட்ச் விடும். ஆமை மாதிரி மெதுவா மிதிச்சா ஆயில் கப்பைத் தாண்டி நழுவிடும், கிளட்ச் விடாது. காத்துக்கு மெதுவா மிதிச்சாலும் வேகமா மிதிச்சாலும் ஒண்ணுதான். அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கும், அவ்வளவுதான். அமுங்கின இடத்துல நிக்கும், மேற்கொண்டு இறங்காது.

தம்பி, ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, முன்னாடி ஆளும் சுவரும் இல்லாத இடத்துல என்ஜினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு பெடலை மிதிச்சபடியே ஒரு நிமிஷம் உட்காருங்க. கொஞ்ச நேரத்துல வண்டி உந்த ஆரம்பிச்சா, என்ஜின் முனகினா, மாஸ்டர்தான்.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவே ஒரு அளவு. பழைய வண்டிகள் பலவற்றில் வரும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: மாஸ்டரின் குழல் விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவ் (கீழே கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) 19.05 மி.மீ. மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் வெளியேறும் ஆயில் 5 மில்லிலிட்டருக்கும் ஒரு துளி குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டி ஆயில்தான் கீழே ஸ்லேவை 17.4 மி.மீ. தள்ளுகிறது. இதில் அரை மில்லிலிட்டர் காணாமல் போனாலே பத்தில் ஒரு பங்கு நகர்வு போய்விடும். ரிவர்ஸ் கத்த அதுவே போதும்.

ஸ்பேனர்சாமி:
பாருங்க, கணக்கே என் பக்கம் பேசுது. அரை மில்லி காத்து! அதைத்தானே நானும் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை:
நான் யார் பக்கமும் இல்லை. ‘காணாமல் போனால்’ என்றுதான் எழுதினேன், காற்று என்று எழுதவில்லை. கப்பைத் தாண்டிப் போனாலும் அதே அரை மில்லிதான். அதற்கும் முன்னால் பெடலையும் புஷ்ராடையும் (மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) இணைக்கும் பின்னைப் பாருங்கள். பழைய வண்டியில் அந்த ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும். பெடலின் நெம்பு விகிதம் 5:1 என்றால், பின்னில் 2 மி.மீ. ஆட்டம் பாதத்தின் கீழ் 10 மி.மீ. வீண். ரப்பரும் வேண்டாம், காற்றும் வேண்டாம், ஒரு பின் போதும்.

பழைய இரும்பு:
பின்னை அப்புறம் பார்த்துக்கலாம். பின் தேஞ்சா காலையில ஒரு மாதிரி, பம்ப் பண்ணினா வேற மாதிரி இருக்காது. சாமி இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லலை. வெளியே ஒழுகலைன்னா மாஸ்டர் நல்லா இருக்குன்னு எந்தக் கணக்குல சொன்னீங்க?

தகரடப்பா:
எல்லாரும் சும்மா இருங்கப்பா. டாட் 5 பிரேக் ஆயில் ஊத்துங்க, சரியாயிடும். 4ஐ விட 5 பெருசு.

பழைய இரும்பு:
தம்பி மூணாம் கியர், தயவுசெஞ்சு இவர் பேச்சைக் கேட்டுடாதீங்க. டாட் 3, டாட் 4, 5.1 மூணும் கிளைக்கால் (glycol) வகை. டாட் 5 சிலிக்கோன், மத்ததோட கலக்காது. பேர்ல நம்பர் பெருசா இருக்குன்னு ஊத்துறது, செருப்புல நம்பர் பெருசா இருக்குன்னு வாங்குற மாதிரி.

தகரடப்பா:
என் வண்டியில ஆறு வருஷமா டாட் 5தான். நான் என்ன நடந்தா போறேன்?

ஸ்பேனர்சாமி:
தகரடப்பா, உங்க வண்டி ஆறு வருஷமா செங்கல் மேல நிக்குது, அதை முதல்ல சொல்லுங்க.

பழைய இரும்பு அவர்களே, காத்து எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? போன மாசம் யாரோ ஸ்லேவ் சிலிண்டரைக் கழட்டிப் போட்டிருக்காங்கன்னு தம்பி எழுதியிருந்தார். தலைகீழா மாட்டியிருந்தா? பைப் மேலே, காத்தை வெளியே விடுற நிப்பிள் கீழே வந்துடும். காத்து எப்பவும் மேலேதான் நிக்கும். நிப்பிள் கீழே இருந்தா விடிய விடிய ஏர் எடுத்தாலும் ஆயில்தான் வரும், குமிழி மேலேயே உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் அனுபவத்துல வர்றது, படிச்சு வர்றது இல்லை.

மூணாம் கியர்:
அண்ணே, குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நிப்பிள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பக்கவாட்டுல கொஞ்சம் சாய்வா இருக்கு. மெதுவா மிதிச்சா பெடல் உட்காருது, வேகமா மிதிச்சா கியர் விழுது. ஒரு நிமிஷம் மிதிச்சுப் பார்க்கிற சோதனை பாதியில விட்டுட்டேன், பயமா இருந்துச்சு.

பழைய இரும்பு:
மெதுவா மிதிச்சா உட்காருது, வேகமா மிதிச்சா விழுது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் நேத்து இதையே சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன், நாளைக்கும் சொல்வேன்.

ஸ்பேனர்சாமி:
சாய்வா இருக்குன்னு தம்பி சொன்னது மட்டும் உங்க கண்ணுல படலையா?

பழைய இரும்பு:
சரி, இன்னொரு வழி சொல்றேன். ஸ்லேவுக்குப் போற ரப்பர் ஹோஸை மேல் முனையில, அதாவது மாஸ்டர் பக்கம், விளிம்பு மழுங்கின கிளாம்ப்பால அழுத்திப் பிடிங்க. பெடல் கல்லு மாதிரி ஆச்சுன்னா மேலே எல்லாம் சரி, குத்தம் கீழே. அப்பவும் உட்கார்ந்தா மாஸ்டர்.

ஸ்பேனர்சாமி:
ஆஹா, முப்பது வருஷத்து ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கச் சொல்றார். உள் உறை கிழிஞ்சு நாக்கு மாதிரி தொங்கும். அப்புறம் ஆயில் போகும், திரும்பி வராது, கிளட்ச் பாதி மிதிச்ச மாதிரியே நின்னு பிளேட் வழுக்கும். உங்க வைத்தியத்துக்கு அப்புறம் தம்பிக்கு பிளேட்டும் சேர்த்து வாங்கணும். மாஸ்டர்ல இருந்து பைப்பைக் கழட்டி, வாயை ஒரு பிளக்கால அடைச்சுட்டு மிதிச்சுப் பார்க்கலாம். அது தோணாதே.

பழைய இரும்பு:
பைப்பைக் கழட்டினா காத்து போகாதா? நீங்களே காத்தை ஊதிவிட்டு, அப்புறம் “பார்த்தீங்களா, காத்துதான்”னு சொல்லுவீங்க. பலே.

ஹோஸைப் பத்தி நீங்க பாடம் எடுக்காதீங்க. போன வருஷம் பிரேக் சிலிண்டரைப் பெட்ரோல்ல கழுவச் சொன்ன மகான் நீங்கதானே? ரப்பர் ஊதி இட்ட இடத்துல இறுகிப் போச்சுன்னு அந்த ஆள் வந்து அழுதது இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எதுவும் அந்த ரப்பர் மேல படக்கூடாது. கழுவணும்னா புது பிரேக் ஆயில்தான்.

ஸ்பேனர்சாமி:
அது சிலிண்டர் உடம்பை மட்டும் கழுவச் சொன்னது. ரப்பரைக் கழட்டிட்டுன்னு எழுதியிருந்தேன்.

பழைய இரும்பு:
எழுதலை.

ஸ்பேனர்சாமி:
எழுதினேன்.

பழைய இரும்பு:
அப்புறமா திருத்தி எழுதினீங்க.

கணக்குப்பிள்ளை:
பின்னை யாராவது பார்த்தீர்களா?

மூணாம் கியர்:
அண்ணே, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பெடலுக்கு மேல, புஷ்ராடு போற ஓட்டைக்குக் கீழே, ஃபயர்வாலோட (என்ஜின் பக்கத்தையும் ஆள் உட்காருற பக்கத்தையும் பிரிக்கிற தகடு) உள்பக்கம் பெயின்ட் குமிழி குமிழியா உரிஞ்சிருக்கு. விரலால தொட்டா பிசுபிசுன்னு இருக்கு. கால் விரிப்போட ஓரமும் லேசா ஈரம்.

பழைய இரும்பு:
வெளியே ஒரு சொட்டு இல்லை, வெளியே ஒரு சொட்டு இல்லைன்னு மூணு நாளா ஜபம் பண்ணீங்களே சாமி. இப்போ சொல்லுங்க! பெயின்ட்டை உரிக்கிறது பிரேக் ஆயில். அது பெடல் பக்கம் வந்திருக்குன்னா பின் ரப்பரும் போச்சு. ஒரே வயசு ரப்பர், ஒண்ணு போனா மத்தது மட்டும் இளமையாவா இருக்கும்?

ஸ்பேனர்சாமி:
நான் ‘வெளியே’ன்னு சொன்னேன். தம்பி சொல்றது உள்பக்கம். கால் விரிப்பு வண்டிக்கு உள்ளேதானே இருக்கு? நான் சொன்னது இன்னும் சரிதான்.

பழைய இரும்பு:
😂 ஐயா, சிலிண்டருக்கு வெளியே வந்தா அது வெளியேதான்!

ஸ்பேனர்சாமி:
வண்டிக்கு வெளியேன்னு நான் நினைச்சு எழுதினேன். நீங்க என்ன நினைச்சுப் படிச்சீங்கன்னு எனக்கென்ன தெரியும். அது பழைய ஈரமாவும் இருக்கலாம். பத்து வருஷம் முன்னாடி எவனோ ஆயில் ஊத்தும்போது சிந்தியிருப்பான். ஆயில் அளவு குறையலைன்னு தம்பிதான் சொன்னார். குறையாத ஆயில் எப்படி ஒழுகும்? முதல் நாள் நீங்க எழுதினதையே படிச்சுப் பாருங்க, “வெளியே ஒரு சொட்டு வராது”ன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்போ வெளியே வந்திருக்குன்னும் நீங்கதான் சொல்றீங்க.

பழைய இரும்பு:
அது முன் கப். இது பின் ரப்பர். ரெண்டும் வேற வேறன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கேன். படிக்காம சண்டைக்கு வர்றவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?

மூணாம் கியர்:
அண்ணே, நேத்து மாஸ்டரைக் கழட்டிட்டேன். ஆயில் மை மாதிரி கறுப்பா வந்துச்சு. கப்போட விளிம்பு ஒரு பக்கம் மழுங்கி, கத்தி கொண்டு சீவின மாதிரி இருந்துச்சு. குழலுக்குள்ள டார்ச் அடிச்சா நடுவுல ஒரு வளையம், அங்க ரெண்டு சின்னக் குழி, நகம் மாட்டுது. அதனால ரப்பர் மட்டும் போடாம முழு மாஸ்டரையே புதுசா போட்டுட்டேன். கூடவே ஹோஸும் மாத்திட்டேன். ஸ்லேவோட ரெண்டு போல்ட்டைக் கழட்டி, நிப்பிள் மேலே வர்ற மாதிரி பிடிச்சுக்கிட்டு ஏர் எடுத்தேன். குமிழி நிறைய வந்துச்சு. இப்போ காலையில முதல் மிதிக்கே கியர் விழுது.

பழைய இரும்பு:
மாஸ்டர். நான் சொன்னேன்.

ஸ்பேனர்சாமி:
குமிழி நிறைய வந்துச்சாம். எல்லாரும் படிச்சுக்கோங்க.

பழைய இரும்பு:
முழு சிஸ்டத்தையும் கழட்டி மாட்டினா குமிழி வராம பூவா வரும்? முன்னாடியே இருந்த குமிழியா, கழட்டினதுல போன குமிழியான்னு அதுல பேரா எழுதியிருக்கும்?

ஸ்பேனர்சாமி:
அதேதான் நானும் கேட்கிறேன். மாஸ்டரைத் தொடாம முதல்ல ஏர் மட்டும் எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்போ எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டார், நீங்க மார் தட்டிக்கிறீங்க.

பழைய இரும்பு:
குழியில நகம் மாட்டுச்சுன்னு எழுதியிருக்கார். நகம்!

கணக்குப்பிள்ளை:
தம்பி, மாஸ்டரைக் கழற்றும்போது அந்தப் பின்னை எடுத்திருப்பீர்களே. ஓட்டை எப்படி இருந்தது?

மூணாம் கியர்:
அது கொஞ்சம் முட்டை மாதிரிதான் இருந்துச்சு அண்ணே. அதையும் மாத்திட்டேன்.

தகரடப்பா:
எந்த ஆயில் ஊத்தினீங்க?