ஊருக்-ஹாய் படை கத்துவது நிஜக் குரலா?

செல்லூர் தம்பி:
நேற்று ராத்திரி 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் இரண்டாவது படமான 'தி டூ டவர்ஸ்' மறுபடியும் பார்த்தேன். கோட்டைக்கு வெளியே மழையில் அந்த ஊருக்-ஹாய் அரக்கர் படை ஈட்டியைத் தரையில் குத்திக் கத்தும்போது, அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்துச் சத்தம் மாதிரி உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் குரல் கம்ப்யூட்டரில் செய்ததா, இல்லை நிஜ ஆட்களுடையதா?

திருநகர் அண்ணன்:
நிஜ ஆட்கள்தான் தம்பி, அதுவும் கிரிக்கெட் ரசிகர்கள்! 2002-இல் வெலிங்டனில் நியூசிலாந்து, இங்கிலாந்து ஒருநாள் போட்டி நடந்தபோது, இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சனே மைதானத்தில் இறங்கி, வார்த்தைகளைப் பெரிய திரையில் காட்டி, சுமார் 25,000 பேரைக் கத்தவும் காலால் தரையைத் தட்டவும் வைத்துப் பதிவு செய்தார்.

மாசி வீதி அக்கா:
எனக்குப் பிடித்தது படத்தில் வீரர்கள் போட்டிருக்கும் அந்தச் சங்கிலிக் கவசம். பெரும்பாலும் இரும்பே கிடையாது, பிளாஸ்டிக் குழாயைச் சின்னச் சின்ன வளையமாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மேலே உலோகப் பூச்சு கொடுத்தார்கள். மல்லிகைச் சரம் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை புரியும்.

திருநகர் அண்ணன்:
அப்புறம், படத்தின் நாயகர்களில் ஒருவரான ஆரகார்ன் தலைக்கவசத்தை உதைத்துவிட்டு அலறுவாரே, அப்போது அந்த வேடத்தில் நடித்த விகோ மார்ட்டென்சனுக்குக் கால் விரல் நிஜமாகவே உடைந்தது. அந்த ஷாட்டைத்தான் படத்தில் வைத்தார்கள்.

செல்லூர் தம்பி:
அண்ணே, இன்றைக்கு ராத்திரியே இன்னொரு தடவை பார்க்கிறேன்.