உதவி: சில்வர் க்ளே பெண்டண்ட், கல் உள்ளே போகவில்லை, அழுத்தினால் உடைந்துவிட்டது. அவசரம்

மல்லிப்பந்தல்
வணக்கம். சில்வர் க்ளேயில் (வெள்ளித் தூள் கலந்த களிமண், சுட்டால் வெள்ளியாகும்) ஒரு பெண்டண்ட் செய்தேன். நடுவில் முட்டை வடிவ கபோஷான் கல், அதாவது பட்டை தீட்டாமல் மேலே குமிழாக வழவழப்பாக்கியது. கல்லைச் சுற்றி க்ளேயிலேயே கரை எழுப்பி, காயவைத்து, சுட்டு எடுத்தேன். இப்போது கல் உள்ளே போகவில்லை. லேசாக அழுத்தினேன், கரை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. வீடியோவில் பார்த்தபடிதான் எல்லாம் செய்தேன். 12 நாளில் கையில் வேண்டும். க்ளே கொஞ்சம்தான் மிச்சம், மறுபடி வரவழைக்க நேரமில்லை. எப்படிச் சரிசெய்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

நூல்கண்டு
எந்த க்ளே? எதில் சுட்டீர்கள், எத்தனை நிமிடம்? கல்லோடு சேர்த்துச் சுட்டீர்களா, தனியாகவா? கல் என்ன கல், என்ன அளவு? இது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

ஈரமண்
ஈரம்தான் காரணம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வர வழி தேடும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு தொட்டால் உடையும். துண்டைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரு கண்ணாடி மேல் வைத்து எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் பனி படர்ந்தால் இன்னும் காயவில்லை. நான் ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்யாமல் அடுப்புப் பக்கமே போவதில்லை.

மல்லிப்பந்தல்
இரண்டு நாள் காயவைத்தேன், ஈரம் இல்லை. க்ளே ஜப்பான் க்ளே, 650 டிகிரியில் சுடும் வகை என்று போட்டிருக்கிறது. கல் நிலாக்கல்.

கொழும்புக்கரை
நிலாக்கல்லா? கல்லோடு சேர்த்து மட்டும் சுட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. எங்கள் இலங்கை மீட்டியாகொடைக் கல்லில் நான் ஒருமுறை செய்து பார்த்துத் தொலைத்தேன். நிலாக்கல்லின் அந்த நீல ஒளி, இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மெல்லிய அடுக்கடுக்காக இருப்பதால் வருவது. அதோடு அந்தக் கல் இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். சட்டென்று சூடேறினால் குறுக்கே கோடு விழும், விழுந்த கோடு போகாது. முத்து, பவளம், ஓப்பல், டர்காய்ஸ் எல்லாம் இதைவிட மோசம். செவ்வந்திக்கல் நிறமே மாறிவிடும்.

கெம்புப்பிரியை
அப்படியென்றால் கல்லை மாற்றுங்கள் தோழி. கெம்பு வைத்துச் சுடலாமே. க்ளே கல்லைச் சுற்றிச் சுருங்கித் தானே பிடித்துக்கொள்ளும், கரை மடக்குகிற வேலையே இல்லை. வடசேரி கோயில் நகை மாதிரி சிவப்பு, வெள்ளிக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

சேலத்துப்பட்டறை
எல்லாரும் எதை எதையோ சொல்கிறீர்கள். அடிப்படையில் இது வெள்ளி வேலையே இல்லை, மாவுப் பலகாரம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலுசு. உருக்கி, அடித்து, தகடாக்கி, கம்பி இழுத்து, பற்றவைக்கிற பொடி வைத்து ஊதினால்தான் அது வெள்ளி. தகட்டில் செய்த கரை அழுத்தினால் வளையும், உடையாது. உடைந்தது என்றாலே அது பொருள் இல்லை என்று அர்த்தம். தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வீடியோ பார்த்து நகை செய்ய முடியாது. அந்தக் கல்லைப் பக்கத்தில் ஒரு ஆசாரியிடம் கொடுங்கள், அரை நாளில் கட்டித் தந்துவிடுவார்.

நூல்கண்டு
அண்ணா, உங்கள் தொழில்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'வெள்ளியே இல்லை' என்பது தவறு. நுண்ணிய வெள்ளித் தூளை ஒட்டும் பசையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்ததுதான் இந்த க்ளே. ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. சுடும்போது பசை எரிந்து போய்விடும். வெள்ளி 962 டிகிரிக்குக் கிட்டத்தில்தான் உருகும், ஆனால் அதற்கு வெகு கீழேயே தூள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்துவிடும். கடைசியில் கையில் மிஞ்சுவது 999 வெள்ளி, ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. கொலுசு வெள்ளியைவிடச் சுத்தம்.

சேலத்துப்பட்டறை
சுத்தம் என்றால் மென்மை. அதற்குத்தானே செம்பு சேர்க்கிறோம். தூளை ஒட்டவைத்தால் இடையில் காற்று நிற்கும். அடித்த தகடும் அதுவும் ஒன்றா?

நூல்கண்டு
ஒன்றில்லை. நுண்துளை இருக்கும், தகட்டின் பலம் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரியாகச் சுட்டது வளையும், மாவு மாதிரி உடையாது. உடைந்தது பொருளின் குற்றமா, சுட்ட விதத்தின் குற்றமா என்பதுதான் கேள்வி. மல்லிப்பந்தல், எதில் சுட்டீர்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

சூளைக்காரன்
எதற்கு இத்தனை பேச்சு? சின்னதாக ஒரு மின்சூளை வாங்கிவிடுங்கள். 650 வகைக்கு 650-இல் அரை மணி நேரம். இன்னும் பலம் வேண்டுமென்றால், உள்ளே கல் எதுவும் இல்லாதபோது, க்ளேயின் குறிப்பேடு அனுமதித்தால் 900 வரை கொண்டுபோய் 2 மணி நேரம். அடுப்பு, கேஸ் டார்ச் எல்லாம் கண்ணால் பார்த்துக் கணிக்கிற விஷயம், தப்பாகத்தான் போகும்.

ஈரமண்
12 நாளில் பெண்டண்ட் வேண்டும் என்பவரைச் சூளை வாங்கச் சொன்னால் எப்படி?

கொழும்புக்கரை
கெம்புப்பிரியை சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கெம்பு என்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கண்ணாடி. கண்ணாடி 650-இல் இளகிவிடும், குமிழ் வடிவம் போய்விடும்.

கெம்புப்பிரியை
கெம்பு என்றால் மாணிக்கம்தான். எங்கள் பாட்டி காலத்து ராக்கொடியில் இருப்பது கண்ணாடி என்று சொல்கிறீர்களா?

கொழும்புக்கரை
பாட்டியின் ராக்கொடியைப் பற்றி நான் கதைக்கவில்லை. கெம்பு என்பது கன்னடத்தில் சிவப்பு, அவ்வளவுதான். நிறத்தின் பெயர், கல்லின் பெயர் இல்லை. அதனால் மாணிக்கத்தையும் சொல்வார்கள், சிவப்புக் கண்ணாடியையும் சொல்வார்கள்.

சேலத்துப்பட்டறை
இது சரி. எங்கள் பக்கமும் அப்படித்தான். பழைய நகையில் கல்லுக்கு அடியில் தாள் வைத்து, பின்பக்கம் மூடிக் கட்டியிருப்பார்கள். கல்லை வெளியே எடுக்காமல் சொல்வது கஷ்டம்.

கெம்புப்பிரியை
அப்போது எந்தச் சிவப்புக் கல்லை நெருப்பில் வைக்கலாம்?

நூல்கண்டு
செயற்கை மாணிக்கம். வெர்னூயி என்கிற பிரெஞ்சுக்காரர் 1902-இல் அறிவித்த முறையில் இன்றும் டன் கணக்கில் செய்கிறார்கள். இயற்கை மாணிக்கத்தின் அதே குருந்தம் என்கிற கனிமம்தான், 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும். அதையும் சுட்டவுடனே தண்ணீரில் போடக் கூடாது, தானாக ஆறட்டும். க்யூபிக் ஜிர்கோனியாவும் தாங்கும். ஆனால் இழை எங்கேயோ போகிறது. அவரிடம் இருப்பது நிலாக்கல்.

மல்லிப்பந்தல்
மன்னியுங்கள், நேற்று வேலையில் மாட்டிக்கொண்டேன். கல்லை மாற்ற முடியாது. அப்பா ரொம்ப வருஷம் முன்னால் காங்கேயத்தில் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்த கல், கட்டாமலே டப்பாவில் இருந்தது. அவர்களுடைய அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் செய்கிறேன். அதனால்தான் ஆசாரியிடம் கொடுக்காமல் நானே செய்ய ஆசைப்பட்டேன். கல் இல்லாமல்தான் சுட்டேன், கல் பத்திரமாக இருக்கிறது. சமையலறை கேஸ் அடுப்பில், மேலே எஃகு வலை போட்டு வைத்தேன். தீப்பிடித்து எரிந்தது, அணைந்ததும் வெள்ளையாகிவிட்டது, எடுத்துவிட்டேன்.

நூல்கண்டு
தீ அணைந்ததும் எடுத்துவிட்டீர்களா? அதற்கு அப்புறம் அடுப்பில் வைக்கவே இல்லையா?

மல்லிப்பந்தல்
இல்லை. வீடியோவில் வெள்ளையானால் முடிந்தது என்றார்கள்.

நூல்கண்டு
கிடைத்துவிட்டது. அந்தத் தீ, பசை எரிவது. வேலை அங்கேதான் தொடங்குகிறது, முடியவில்லை. பசை போன பிறகு வெள்ளித் தூள் ஒட்டாமல் அப்படியே நிற்கும், வெளிப்பார்வைக்கு வெள்ளையாக முடிந்த மாதிரி தெரியும். அதைப் போய் அழுத்தினால் உடையத்தான் செய்யும். உடைந்த இடத்தைப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி பொடிப்பொடியாக இருக்கிறதா? கல்லின் அளவு, இப்போது கரைக்கு உள்ளளவு, இரண்டும் சொல்லுங்கள். கரையைக் கல்லோடு ஒட்டித்தானே எழுப்பினீர்கள்?

மல்லிப்பந்தல்
ஆமாம், சுண்ணாம்பு மாதிரிதான். கல் 18க்கு 13 மிமீ. கல்மேல் ப்ளாஸ்டிக் தாள் சுற்றி, அதை ஒட்டியே கரை வைத்தேன். இப்போது உள்ளளவு நீளம் 17.3.

நூல்கண்டு
அளவே சொல்லிவிட்டது. இந்த வகை க்ளே முழுவதும் வெந்தால் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கும். 18 என்பது 16.2 பக்கம் வந்திருக்க வேண்டும். 17.3-இல் நிற்கிறது என்றால் பாதி வழிகூட வரவில்லை. உங்களுக்கு இரண்டு பிரச்சினை. ஒன்று, வேகவில்லை. இன்னொன்று, சுருக்கத்துக்கு இடம் விடவில்லை. சரியாகச் சுட்டிருந்தாலும் கல் போயிருக்காது. 18 வேண்டுமென்றால் 18-ஐ 0.9-ஆல் வகுத்து 20-க்குக் கரை எழுப்ப வேண்டும். குறுக்கே 13 என்பது 14.4.

நல்ல செய்தி, அரைவேக்காட்டு க்ளேயைத் திரும்பச் சுடலாம், ஒன்றும் கெடாது. உடைந்த கரையை மறந்துவிடுங்கள், அது இனி இன்னும்தான் சுருங்கும். அடித்தட்டு முழுசாக இருக்கிறதா? என்ன அளவு?

மல்லிப்பந்தல்
தட்டு உடையவில்லை. 29க்கு 23.

நூல்கண்டு
போதும். சுட்ட பிறகு 27க்கு 21 பக்கம் நிற்கும், கல்லுக்கு இடம் இருக்கிறது. கரையை மெதுவாக உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள், இப்போதைக்குச் சுலபமாக வரும். தூளைச் சேர்த்து வையுங்கள், அதுவும் வெள்ளி.

பிறகு அதே அடுப்பு. முதலில் வலையை மட்டும் சூடாக்கி, எங்கே நன்றாகச் சிவக்கிறது என்று பார்த்து, அடுப்பை அணைத்து, அந்த இடத்தில் தட்டை வையுங்கள். மறுபடி பற்றவைத்து, தட்டு சிவந்து ஒளிர ஆரம்பித்த பிறகு 10 நிமிடம் கணக்கு வையுங்கள். சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. மின்விசிறியும் வேண்டாம். மேற்பரப்பு பளபளவென்று தண்ணீர் மாதிரி மின்னத் தொடங்கினால் உருகப் போகிறது, உடனே தீயைக் குறையுங்கள். கூடவே மிச்ச க்ளேயில் மெல்லிய பட்டை ஒன்று செய்து, காயவைத்து, சேர்த்துச் சுடுங்கள். ஆறியதும் அந்தப் பட்டையை வளையுங்கள். வளைந்தால் தட்டும் வெந்திருக்கிறது. ஒடிந்தால் இன்னொரு முறை.

ஈரமண்
பட்டை நன்றாகக் காய்ந்ததா என்று கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சுடுங்கள். இதில் நான் பிடிவாதம்தான்.

சூளைக்காரன்
அடுப்பில் 10 நிமிடம் என்பது குறைந்தபட்சம். 15 வையுங்கள்.

மல்லிப்பந்தல்
கரையை எடுத்துவிட்டால் கல் எப்படி நிற்கும்? பசை போட்டு ஒட்டவா?

சேலத்துப்பட்டறை
பசை வேண்டாம் தங்கச்சி. அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த கல் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

தட்டை நன்றாகச் சுட்டு எடுத்த பிறகு, சுத்த வெள்ளிப் பட்டை, கால் மில்லி முதல் 0.3 மில்லி கனம், வெள்ளி சாமான் விற்கிற இடத்தில் கேளுங்கள். 925 பட்டை வேண்டாம், செம்பு இருக்கிறது, சூட்டில் கறுக்கும், கல் கட்டும்போது விறைப்பாகவும் இருக்கும். கல்லைச் சுற்றிப் பட்டையை வளைத்து, முனை இரண்டும் இடைவெளி இல்லாமல் சேர்வது போல் வெட்டி, பொடி வைத்துப் பற்றவையுங்கள். பட்டையின் உயரம் கல்லின் தோள் வளைவுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் போதும். அதிகம் வைத்தால் நிலாக்கல்லின் ஒளியை மறைத்துவிடும்.

அப்புறம் இந்தக் கூட்டைத் தட்டில் பற்றவைக்க வேண்டும். நூல்கண்டு சொன்ன நுண்துளைதான் இங்கே தொல்லை. பொடி உருகினால் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், ஓரத்தில் நிற்காது. அதனால் கூடு உட்காரும் இடத்தை வழவழப்பான எஃகு மெருகுக் கருவியால் அழுத்தி அழுத்தி மினுமினுப்பாகத் தேய்த்துவிடுங்கள், துளை அடைபடும். வெங்காரம் தடவி, பொடியைக் கூட்டுக்கு உள்பக்கமாக வைத்து, முதலில் தட்டைச் சூடேற்றுங்கள், கூட்டை அல்ல. மெல்லிய கூடு ஒரு நொடியில் உருகிவிடும். ஆறியதும் படிகாரம் போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் வெங்காரக் கண்ணாடி கழன்றுவிடும்.

நெருப்பு வேலை எல்லாம் முடிந்து, மெருகும் போட்ட பிறகுதான் கல். கூட்டில் குறுக்கே ஒரு நூலைப் போட்டு அதன்மேல் கல்லை வைத்துப் பாருங்கள், சரியில்லை என்றால் நூலை இழுத்தால் கல் வெளியே வந்துவிடும். பட்டையை மடக்கும்போது வடக்கே ஒரு அழுத்து, தெற்கே ஒரு அழுத்து, கிழக்கு, மேற்கு. வரிசையாகச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் உபரி சேர்ந்து மடிப்பு விழும். கல்மேல் கருவி படக் கூடாது, நிலாக்கல் பிளந்துவிடும்.

ஊதிப் பழக்கம் இல்லை என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாராவது ஆசாரியிடம் உட்கார்ந்து செய்யுங்கள். தட்டு நீங்கள் செய்தது, கல் கட்டுவது நீங்கள். பற்றவைப்பை மட்டும் அவர் செய்யட்டும்.

கெம்புப்பிரியை
அண்ணா, அடித்தட்டில் கல்லுக்கு நேர் பின்னால் ஒரு ஓட்டை விட்டால் நிலாக்கல்லுக்கு நல்லதில்லையா? வெளிச்சம் உள்ளே வருமே.

சேலத்துப்பட்டறை
நிலாக்கல்லுக்குப் பின்னால் இருட்டாக இருந்தால்தான் நீலம் எழும். மூடியே கட்டுங்கள்.

கொழும்புக்கரை
எங்கள் பக்கம் இரண்டு விதமாகவும் கட்டுவார்கள். கல்லைப் பொறுத்தது. கறுப்புத் துணியிலும் வெள்ளைத் தாளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், எதில் நன்றாகத் தெரிகிறதோ அப்படி.

மல்லிப்பந்தல்
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. 15 நிமிடம் சுட்டேன், விளக்கை அணைத்ததும் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பட்டை வளைந்தது. கூட்டை இங்கே ஒரு ஐயா பற்றவைத்துக் கொடுத்தார். கறுப்புத் துணியில்தான் நீலம் தெரிந்தது, மூடியே கட்டினேன். கல் ஆடவில்லை. விழாவுக்குக் கிளம்புகிறோம், பிறகு எழுதுகிறேன்.

சேலத்துப்பட்டறை
மகிழ்ச்சி தங்கச்சி. அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். படம் போடுங்கள், மடக்கிய கரையைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

ஈரமண்
நானும் படத்துக்குக் காத்திருக்கிறேன்.