ஸ்கிர்மியான் நாளைய நினைவகமா, இன்னொரு பபிள் மெமரியா?

சுழிக்காரன்:
ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட்டைப் படிக்கத் தட்டு சுழன்றாக வேண்டும். தட்டே வேண்டாம், மெல்லிய காந்தக் கம்பியில் பிட்டுகளை மின்னோட்டத்தால் நகர்த்திக் கொண்டுவரலாம் என்று 2008-இல் ஐபிஎம்மின் ஸ்டூவர்ட் பார்க்கின் எழுதினார். அந்தக் கம்பியில் ஓட ஸ்கிர்மியானைவிடப் பொருத்தமான பிட் இல்லை என்பது என் கருத்து. நடுவில் ஸ்பின் (ஒவ்வொரு அணுவின் குட்டிக் காந்தம்) கீழ்நோக்கி, விளிம்பில் மேல்நோக்கி, இடையில் படிப்படியாகத் திரும்பும் குட்டிச் சுழல் அது. நம் தலையில் இருக்கும் சுழி மாதிரி, எந்தப் பக்கம் வாரினாலும் போகாது. 2009-இல் மியூனிக் குழு மாங்கனீசு சிலிசைடில் இதைக் கண்டது. அடுத்த ஆண்டே, சதுர மீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் கொடுத்தால் இவை அசைகின்றன என்று தெரிந்தது. பார்க்கின் பயன்படுத்திய, எதிரெதிர்க் காந்தப் பகுதிகளுக்கு இடையே உள்ள சுவரை நகர்த்த இதைப்போல் லட்சம் மடங்கு வேண்டும்.

பழையசிப்:
தம்பி, அந்த 10 லட்சம் ஆம்பியர் எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைனஸ் 245 டிகிரிக்குப் பக்கத்தில். அதிலும் ஊர்ந்துதான் நகர்ந்தன. 2016-இல் அறை வெப்பநிலையில் நொடிக்கு 100 மீட்டர் எட்டியபோது வேறு பொருள், பல அடுக்குப் படலம். மின்னோட்டமும் பழையபடி லட்சம் மடங்குக்கு ஏறிவிட்டது. சிக்கனம் ஒரு பொருளில், வேகம் இன்னொரு பொருளில். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சுழி போகாது என்கிறீர்கள். 2013-இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் ஊசி முனை நுண்ணோக்கியால் ஒற்றை ஸ்கிர்மியானை எழுதினார்கள், அழிக்கவும் செய்தார்கள். இடைவெளியே இல்லாத பரப்பில்தான் சுழியைப் போக்க முடியாது; பொருள் என்பதோ தனித்தனி அணுக்கள். அங்கே சுழியைக் காப்பது ஓர் ஆற்றல் தடுப்பு மட்டும்தான், போதிய ஆற்றல் கிடைத்தால் தாண்டிவிடலாம். ஸ்கிர்மியான் சிறுத்தால் பெரும்பாலும் தடுப்பும் தாழும், அறை வெப்பமே கலைத்துவிடும்.

காந்தக் குமிழிகளையே பிட்டாக வைத்த பபிள் மெமரியை நான் கையில் வைத்துப் பார்த்தவன். பெல் ஆய்வகத்தில் பிறந்தது, 1979-இல் இன்டெல் 10 லட்சம் பிட் சிப்பாகவே கொண்டுவந்தது. அசையும் பாகம் இல்லை, மின்சாரம் போனாலும் தகவல் போகாது. அதன் இயற்பியலில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்கும் செமிகண்டக்டர் மெமரியும் மலிவாகின, அது போயே போய்விட்டது.

சுழிக்காரன்:
வெப்பநிலையைச் சொல்லாமல் விட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அழிக்க முடிவது குறையாகாது. அழிக்கவே முடியாவிட்டால் அது நினைவகமே இல்லையே.

உண்மையான தலைவலி வேறு. மின்னோட்டம் நேராகத் தள்ளினாலும் ஸ்கிர்மியான் பக்கவாட்டில் சாய்ந்து போகும். 2017-இல் இது நேரடியாகவே காணப்பட்டது. வேகம் கூடினால் கம்பியின் ஓரத்தில் முட்டி அழிந்துவிடலாம். அதற்கும் வழி பிறந்திருக்கிறது. எதிரெதிர்க் காந்தமுள்ள இரண்டு அடுக்குகளைப் பிணைத்தால், ஒன்று இடப்பக்கம் இழுக்க மற்றது வலப்பக்கம் இழுத்து நேர்செய்துவிடுகிறது. அப்படித்தான் 2024-இல் பிரான்ஸில் நொடிக்கு 900 மீட்டர் வரை ஓடவைத்தார்கள். அதே ஆண்டு சிங்கப்பூரில், எம்ரேம் (காந்த நினைவக) சிப்பில் இருப்பது போன்ற டனல் சந்தியிலேயே, அதாவது இரு காந்த அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய மின்கடத்தாப் படலம் உள்ள அமைப்பிலேயே, ஸ்கிர்மியானை மின்சாரத்தால் படித்துக் காட்டினார்கள். பபிள் மெமரிக்குத் தனியாகச் சுருளும் சுழலும் காந்தப்புலமும் வேண்டியிருந்தது. இங்கே அது தேவையில்லை.

இயற்பியல்_மாணவி:
இரண்டு பேரும் நினைவகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கிர்மியான் அறை வெப்பத்தில் தானாகவே தள்ளாடித் திரியும், நீரில் மகரந்தத் துகள் அலைவதுபோல. பிட்டாக வைத்தால் இது தொல்லை. கணக்கிடப் பயன்படுத்தினால் இதுவே சொத்து. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2019-இல் இந்தத் தள்ளாட்டத்தால் தகவல் வரிசையைக் கலைத்துப்போடும் சாதனம் செய்தார்கள். எண்களைத் தற்செயலான 0, 1 வரிசைகளாக வைத்துக் கணக்கிடும் நிகழ்தகவு வழிக் கணிப்புக்கு அது வேண்டும். நாமே ஆற்றல் செலவழித்துத் தற்செயலை உண்டாக்க வேண்டியதில்லை, வெப்பம் இலவசமாகத் தருகிறது.

பழையசிப்:
சரி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே டிஸ்க்கோடு விலைப் போட்டி இல்லை. ஆனாலும் ஒரு கணக்கு வேண்டும் அம்மா. ஸ்கிர்மியானைப் படிக்கும் சுற்றுக்கு ஆகும் மின்சாரத்தையும் சேர்த்து, ஒரு சாதாரண சிலிக்கான் சிப் அதே வேலைக்கு எடுப்பதோடு ஒப்பிட்டுப் போடுங்கள். அதில் ஸ்கிர்மியான் ஜெயித்தால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

இயற்பியல்_மாணவி:
படிக்கும் சுற்றைச் சேர்க்காமல் பார்த்தால் ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன் சார். சேர்த்துக் கணக்கிட எனக்கு இந்த வாரம் வேண்டும்.