கின்னிக்கோழி: தீவனம் மாறினால் முட்டையும் கறியும் எப்படி மாறுகின்றன? பெங்களூரு வளர்ப்பாளர்களின் அனுபவங்கள்

ஹொசகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

கின்னிக்கோழி முட்டை வாங்க வருகிறவர்கள், மஞ்சள் கரு அடர்ந்திருந்தால் நல்ல நாட்டு முட்டை என்றும், வெளுத்திருந்தால் பண்ணை முட்டை என்றும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நிறத்தைப் பறவை தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை. மஞ்சள் மக்காச்சோளத்திலும் பசுந்தழையிலும் உள்ள நிறமிகளே கருவில் போய்ச் சேர்கின்றன. எங்கள் பகுதியில் கேழ்வரகும் அரிசிக் குருணையும் மலிவாகக் கிடைப்பதால் அவற்றையே மிகுதியாகப் போடும் மாதங்களில் கரு வெளிறிவிடும். தானியத்தில் பாதியை மக்காச்சோளமாக மாற்றி, வேலிமசால் என்னும் தீவனப் பயிரையும் அகத்தித் தழையையும் நறுக்கிப் போட்டால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நிறம் ஏறிவிடுகிறது. முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாட்களில்தான் கரு வேகமாகப் பருக்கிறது என்பதால், அந்த நாட்களில் தின்றதே அதில் படிகிறது.

கே.ஆர். மார்க்கெட்டில் விற்காமல் தேங்கும் செண்டுமல்லியை மூட்டையாக வாங்கிவந்து போடுகிறவர்களும் உண்டு. நிறம் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பூவுக்கு எத்தனை முறை மருந்தடித்தார்கள் என்பதை யாரும் சொல்லப்போவதில்லை ஆதலால் நான் அதைத் தொடுவதில்லை. தவிர, அடர்ந்த நிறம் புரதம் கூடுதலாக இருப்பதற்குச் சான்றும் அன்று.

நிறத்தைவிட முட்டை ஓட்டின் உறுதியையே நான் நம்புகிறேன். இந்த முட்டை சுமார் 40 கிராம்தான் இருக்கும். ஆனால் ஓடு கோழி முட்டையினுடையதைவிடத் தடித்தது. கரண்டிக் காம்பால் இரண்டு மூன்று முறை தட்டிய பிறகே விரிசல் விழும். முதல் தட்டிலேயே நொறுங்கினால் முதலில் சுண்ணாம்புச் சத்தைத்தான் சந்தேகிப்பேன். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், முட்டையிடும் பெட்டைகள் வேண்டிய அளவு எடுத்துக்கொள்கின்றன. குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

அல்சூரிலிருந்து, வீட்டில் சமைத்துக் கொடுக்கும் ஓர் உறுப்பினர்:

நான் வளர்ப்பவள் அல்லள், வாங்கிச் சமைப்பவள். ஒருமுறை வாங்கிய கின்னிக்கோழியில் மிளகும் பூண்டும் தாராளமாகப் போட்டும் மீன் வாடை போகவில்லை. கறியைக் கழுவும்போது ஒன்றும் தெரியவில்லை; சட்டியில் கொழுப்பு உருகத் தொடங்கியதும்தான் வாடை எழுந்தது. இது பறவையின் இயல்பா, வேறு காரணம் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்று.

ஆனேக்கல்லிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, அது பறவையின் இயல்பு அன்று. பெரும்பாலும் மீன்தூளின் வேலை. கின்னிக் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்களில் 24 முதல் 26 சதவீதம் வரை புரதம் தேவைப்படுகிறது; கோழிக்குஞ்சுத் தீவனத்தில் பொதுவாக அந்த அளவு இருப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மீன்தூளையோ கருவாட்டுத் தூளையோ கலப்பது வழக்கம், அதில் தவறும் இல்லை. விற்கும் நாள் வரை அதையே தொடர்ந்தால்தான் சிக்கல், ஏனென்றால் மீன் எண்ணெய் பறவையின் கொழுப்பிலேயே தங்கிவிடுகிறது. தாங்கள் சட்டியில் உணர்ந்ததும் அதைத்தான். கறிக்கு விடும் பறவைகளுக்கு நான் பல வாரங்கள் முன்பாகவே மீன்தூளை நிறுத்தி, சோயாப் புண்ணாக்குக்கும் மக்காச்சோளத்துக்கும் மாற்றிவிடுகிறேன்.

மாடும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: மாட்டுக்கு வாங்கிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை முட்டையிடும் பறவைகளுக்குப் போடாதீர்கள். அதைத் தின்ற கோழிகளின் முட்டைகளைச் சில வாரங்கள் வைத்திருந்தால் கரு பச்சையோடிய பழுப்பாகவும், வெள்ளை இளஞ்சிவப்பாகவும் மாறக்கூடும்.

கறியின் பதத்தைப் பொறுத்தவரை, மாந்தோப்பில் கரையானையும் புல் விதையையும் கொத்தித் திரியும் பறவைக்குச் சதை இறுகி, நிறமும் சற்றுக் கருக்கிறது. நடமாட்டத்துக்கும் வயதுக்கும் இதில் பங்குண்டு. தீவனத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். கின்னிக்கோழியில் இயல்பாகவே கொழுப்புக் குறைவு. அதனால் மேய்ந்து வளர்ந்த பறவையை பிராய்லர் போல் பெருந்தீயில் வேகவைத்தால் நார் நாராக வறண்டுவிடும். சிறுதீயில், மூடி போட்டு, கூடுதல் நேரம் விடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, கடைசி மாதத்தில் பறவைக்கு என்ன போட்டார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். தீவனத்தைத் தானே கலக்குகிறவர் தயங்காமல் சொல்லிவிடுவார்.